மூன்று கம்பி இறங்கிய கிட்டார்

1. பேராவூரணி மண்டபம்

காதணி விழா. காலை பதினொரு மணி. சிங்கப்பூரிலிருந்து வந்த சொந்தமெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. முதல் பாட்டில் கிட்டார்தான் தனியாகத் தொடங்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் தபேலாவும் கீபோர்டும் சேரும். ஆள்காட்டி விரலைக் கிட்டார் கழுத்தின் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டது போல ஒரு சத்தம் வந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். அப்படி ஒரு சத்தம் என் கையிலிருந்து வந்ததே இல்லை.

எதனால் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மேடை ஏற நினைக்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள்.

2. "ஓட்டிக்கலாம்"

அதற்கு மூன்று மாதம் முன்பு குறுவை அறுவடை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நான் குத்தகைக்கு எடுத்த வயல். நெல் மூட்டை ஏற்றிவிட்டு டிராக்டர் டிரெய்லரின் பின்கதவைத் தூக்கிச் சாத்தும்போது அது நழுவி என் இடது கை மேல் விழுந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கின. காயம் ஆறியது, விரல்கள் மட்டும் மடங்கவில்லை. "தினமும் பயிற்சிக்கு வாங்க. விட்டுட்டீங்கன்னா அப்படியே வெறைச்சிரும்" என்றார் டாக்டர்.

எங்கள் குழுவை நடத்துகிற கீபோர்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்து கையைப் பார்த்தார். அப்போது கட்டு இன்னும் பிரிக்கவில்லை. "கொமரேசா, முடியலன்னா சொல்லிடுப்பா. கீபோர்டுலயே கிட்டார் டோன் இருக்கு. ஓட்டிக்கலாம்" என்றார்.

ஓட்டிக்கலாமாம்! அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இல்லாமலே வண்டி ஓடும் என்றால் அப்புறம் நான் எதற்கு? "ஒண்ணும் இல்ல மாஸ்டர், பத்து நாள்ல சரியாயிடும்" என்று பொய் சொன்னேன்.

இரண்டு விரலில் எப்படி வாசிப்பது? மொபைலில் தேடினேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஒரே விரலை வைத்துக்கொண்டு சக்கைப்போடு போட்டார். ஓப்பன் ஜி டியூனிங். ஆறு கம்பியில் மூன்றை, அதாவது முதல், ஐந்தாவது, ஆறாவது கம்பிகளை, ஒரு ஸ்வரம் இறக்க வேண்டும். அவ்வளவுதான். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு முழுசாகப் பேசும். ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் ஐந்தாம் ஃப்ரெட்டில் சி, ஏழாவதில் டி. நம் கணக்கில் ஜி என்பது ஐந்து கட்டை, எங்கள் பாடகி வசந்தி அக்காவின் சுருதி. எனக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது.

ஒரே ஒரு தொல்லை இரண்டாவது கம்பி. அது அந்தர காந்தாரத்தில், அதாவது மேஜருக்கு உரிய காந்தாரத்தில் நிற்கும். சோகமான மைனர் பாட்டில் அது தப்பித்தவறி ஒலித்தால் இழவு வீட்டில் கெட்டிமேளம் கொட்டிய மாதிரி ஆகிவிடும். அந்த மாதிரிப் பாட்டு வந்தால் நடுவிரலால் அந்தக் கம்பியை ஊமையாக்கிவிடுவேன்.

யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வேனில் கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொள்வேன். ஓரிடத்தில் உட்கார முடியாது, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உறையைத் திறந்து கம்பியைத் தொட்டுப் பார்ப்பேன். டாக்டரிடமும் போகவில்லை. போனால் விஷயம் மாஸ்டர் காதுக்குப் போய்விடும் என்று பயம்.

3. தாஸ் செய்த உதவி

பேராவூரணிக்கு எங்களோடு புதிதாக பேஸ் கிட்டார் வாசிக்கத் தாஸ் வந்திருந்தார். நாற்பது வயது, டிவி மெக்கானிக். ஒரு ஒயர் கோணலாகக் கிடந்தாலும் அவருக்குப் பொறுக்காது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில் மாஸ்டர் மைக்கிலேயே என் பேரைக் கூப்பிட்டுவிட்டார். ஓடி வந்து, ஸ்டாண்டில் இருந்த கிட்டாரை எடுத்து மாட்டினேன். கம்பியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் அன்று ஒருநாள்தான் பார்க்கவில்லை.

அந்த நாராசம் வந்ததும் தாஸ் பக்கத்தில் குனிந்தார். "என்னண்ணே ஆச்சு? நல்லாத்தானே சேத்து வச்சேன்? மூணு கம்பி எறங்கிக் கெடந்துச்சு, டியூனர் போட்டு ஏத்தி வச்சிட்டேன்."

அடப்பாவி மனுஷா! திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவரை என்ன சொல்லித் திட்டுவது? இறங்கிக் கிடப்பது வேண்டுமென்றேதான் என்று அவருக்கு யார் சொன்னது?

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். மாஸ்டரின் கை கீபோர்டின் பட்டனுக்குப் போனது. கிட்டார் டோன். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மைக்கைத் தாண்டி வசந்தி அக்காவிடம், "அக்கா, மூணு கம்பி எறக்கணும். பா, சா, மேல பா. ஒரு நிமிஷம்" என்றேன்.

அக்கா என் விரலைப் பார்த்தார். மாஸ்டரைக் கையமர்த்திவிட்டு, கண்ணை மூடி "பா" என்று நீட்டிப் பாடினார். ஆறாவது கம்பியை அதில் சேர்த்தேன். "சா" என்றார். ஐந்தாவது சேர்ந்தது. மேலே எழும்பி மறுபடி "பா". முதல் கம்பி. எதையும் அழுத்தாமல் மீட்டினேன். மண்டபம் முழுக்க ஜி மேஜர் நிறைந்தது. ஜனம் அதையே ஆலாபனை என்று நினைத்துக் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே முதல் பாட்டுக்குள் போய்விட்டோம்.

4. பந்தியில்

சாப்பிடும்போது மாஸ்டர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். "கைய நீட்டு" என்றார். நீட்டினேன். இரண்டு விரலும் விறைத்து நின்றன.

"எத்தன நாளா இப்படி?"

"மூணு மாசமா மாஸ்டர். நான் இல்லாம ஓட்டிக்கலாம்னு நீங்க சொன்னீங்களே, அதான் பயந்துட்டேன்."

அவர் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டார். "அட கூறுகெட்டவனே! ஒரு ரெண்டு மாசம் வீட்டுல இருந்து கைய நல்லா ஆத்திக்க, அதுவரைக்கும் ஓட்டிக்கலாம்னுதான்டா சொன்னேன். உன்ன அனுப்பிட்டு ஓட்டிக்கலாம்னா சொன்னேன்? என்ன அர்த்தம்னு ஒரு வார்த்த கேக்கறதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

எதிர் வரிசையில் இருந்த வசந்தி அக்கா, "மூணு மாசமா இந்த ஆளு ரெண்டாவது கம்பிய அமுக்கி அமுக்கி வாசிக்கிறாரு. என்னமோ புது ஸ்டைலுன்னு நெனச்சேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குத்தான் பாயசம் இறங்கவில்லை.

குழுவில் என் இடம் எங்கேயும் போய்விடவில்லை, இன்றைக்கும் அதே நாற்காலிதான். கிட்டாரும் ஓப்பன் ஜியிலேயே இருக்கிறது. அதன் கழுத்தில் தாஸ் தன் கையால் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று உண்டு: "கம்பி வேணும்னேதான் எறங்கியிருக்கு. தொடாதீங்க."

மறுவாரமே டாக்டரிடம் போனேன். விரலைத் தொட்டுப் பார்த்து, "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கணும்" என்றார். வந்திருந்தால் அந்தச் சீட்டுக்கே வேலை இருந்திருக்காது.