உக்கிராணத்துக்காரி

லேசியாவை ரஷ்யாக்காரி என்று கூப்பிட்டுவிட்டுச் செஞ்சியில் யாரும் சும்மா போய்விட முடியாது. தபால்காரர் ஆனாலும் சரி, தாசில்தார் ஆனாலும் சரி. கடைவீதியில் கத்தரிக்காயைத் தராசில் போட்டபடி, "ரஷ்யாக்காரம்மா, இன்னா வோணும்?" என்று எவராவது கேட்டுத் தொலைத்தால் தீர்ந்தது. கூடையைக் கீழே வைத்துவிடுவாள். "ரஷ்யா இல்ல. உக்ராயினா. எங்க, சொல்லு பாக்கலாம், உக்ராயினா." அவர் சொல்லும்வரை கத்தரிக்காய் வாங்க மாட்டாள். பின்னால் நிற்பவர்களையும் வாங்க விடமாட்டாள். பேர்தான் லேசு, ஆளு லேசு இல்லடா சாமி என்று ஊர் பேசிக்கொண்டது.

நிலக்கடலை போட்டுப் பிழைத்த முருகையனின் மகன் ராஜாராம், உதவிப்பணத்தில் அன்றைய சோவியத் நாட்டுக் கார்கிவ் பட்டணம் போய் டிராக்டர் இன்ஜின் படித்தான். படிப்போடு சேர்த்து இந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு எண்பத்தொன்றில் ஊர் வந்து சேர்ந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் பின்னாலேயே கூட்டம். ராஜாராமின் அம்மா தனகோட்டி மகனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் வந்தவளைப் பசியோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. கேழ்வரகுக் கூழில் கல்லுப்பைப் போட்டுக் கரைத்து, சொம்பை ணங்கென்று அவள் முன்னால் வைத்தாள். லேசியா அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, காலிச் சொம்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் தனகோட்டிக்கு வாய் திறந்தது.

"எந்த ஊரும்மா உனுக்கு?"

"உக்ராயினா."

"இன்னாது, உக்கிராணமா?" தனகோட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் அடுக்கிப் பூட்டி வைக்கிற அறைக்கல்லவா உக்கிராணம் என்று பேர்! "ஏங்க, கேட்டீங்களா? உங்க மருமவ உக்கிராணத்துல பொறந்தவளாம். இனிமே நம்ம வூட்டுல பஞ்சமே வராது!"

அர்த்தம் தெரிந்துகொண்ட நாளிலிருந்து லேசியா திருத்தத் தொடங்கினாள். "உக்கிராணம் இல்ல அத்தை. உக்ராயினா." வருஷக்கணக்கில் இது ஓடியது. மாமியாரும் விடவில்லை, மருமகளும் விடவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் தனகோட்டியின் நாக்கில் ஏறவே இல்லை.

ஏறியதெல்லாம் லேசியாவின் நாக்கில்தான். அதற்குக் காரணம் நாத்தனார் ரஞ்சிதம். புடவை கட்டக் கற்றுக்கொடுத்தவள், தலைவாரிவிட்டவள், வேடிக்கை பார்க்க வந்தவர்களை விளக்குமாற்றைக் காட்டித் துரத்தியவள் எல்லாம் அவள்தான். லேசியா பேசிய தமிழ், பள்ளிக்கூடத் தமிழ் இல்லை. இன்னா, வோணும், போய்க்கினு, வந்துக்கினு என்று ரஞ்சிதத்தின் வாயிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டது. அவள் மட்டும் இல்லாவிட்டால் முதல் கோடையிலேயே ஓடிப்போயிருப்பேன் என்று லேசியா எல்லோரிடமும் சொல்வாள்.

அப்பேர்ப்பட்ட ரஞ்சிதத்துக்குத்தான் கல்யாணம் தட்டித் தட்டிப் போனது. பெண் பார்க்க வருவார்கள், காபி குடிப்பார்கள், கூடத்தில் நடமாடும் லேசியாவை மேலும் கீழும் பார்ப்பார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவே மாட்டார்கள். அண்ணன் வெள்ளைக்காரியைக் கட்டிய வீடாம், தங்கள் கௌரவம் கெட்டுவிடுமாம்! காரணம் தெரிந்த அன்றைக்கு லேசியா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதாள். கடைசியில் எண்பத்தைந்தில் அனந்தபுரத்திலிருந்து ஓர் இடம் தகைந்தது. மாப்பிள்ளையை ரஞ்சிதத்துக்கும் பிடித்துப் போயிற்று. நிச்சயதாம்பூலத்துக்கு நாள் குறித்தார்கள்.

லேசியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிறவர்களுக்குத் தன் நாட்டு மரியாதையில் உயர்ந்ததைச் செய்ய வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். அங்கே பெரிய விருந்தாளி வந்தால் வட்டமாக ரொட்டி சுட்டு, நடுவில் குழி வைத்து உப்பு நிரப்பி, பூவேலை செய்த துணியில் ஏந்திக்கொண்டு வாசலுக்கே போய் நீட்டுவார்கள். வந்தவர் பிட்டு, உப்பில் தொட்டுத் தின்றால் அவர் அந்த வீட்டு மனிதர். அதற்குமேல் ஒரு மரியாதை அங்கே கிடையாது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடாமல் கடைவீதி பேக்கரிக்குப் போய், சர்தார் பாயின் அடுப்பில் ரொட்டி சுட்டாள். "உப்பு பரக்கத்தும்மா, வூட்டுக்கு வளம் சேக்கும், தாராளமா வெய்யி" என்று அவரும் சொல்லிவிட்டார். துணி அவளுடைய அம்மா தைத்துக் கொடுத்தது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலும் கறுப்பு நூலுமாகப் பூக்கள்.

விதி என்று ஒன்று இருக்கிறதே! வேன் வந்து நின்றபோது தனகோட்டி அடுப்படியில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். ரஞ்சிதத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். லேசியா பட்டுப்புடவை சரசரக்க வாசலுக்குப் போனாள். மாப்பிள்ளையின் அப்பா தங்கராசுக்கு முன்னால் இறங்கியது அவருடைய அக்கா செல்லம்மாள். லேசியா குனிந்து ரொட்டியை நீட்டினாள்.

"வாங்க. ரொட்டி. உப்பு. எடுத்துக்குங்க."

செல்லம்மாள் பாம்பை மிதித்தவள் மாதிரி பின்வாங்கினாள். "இன்னாடி அநியாயம் இது! வாசல்லயே உப்பைக் கையில குடுக்கறா! சண்டை வளக்கவா கூப்ட்டீங்க? திருஷ்டி கழிக்கிற உப்பை எம் மூஞ்சிக்கு நேரா நீட்டறாளே! அதுல கறுப்பு நூலு வேற! நல்ல காரியத்துல கறுப்பு!"

உப்பைக் கையில் கொடுத்தால் உறவு முறியும் என்பது நம் பக்கம் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அதை ஏந்திக்கொண்டு நின்றாள். முருகையன் ஓடிவந்தார். "தெரியாம செஞ்சிட்டா சம்பந்தி, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கும்பிட்டார். ராஜாராம் கையைப் பிசைந்தான். டிராக்டராக இருந்தால் கழற்றி மாட்டியிருப்பான்.

செல்லம்மாள் சட்டம் போட்டாள். "இவ உள்ள போவணும். நாங்க கெளம்பற வரிக்கும் தலை காட்டக் கூடாது. அந்த ரொட்டியை எடுத்துக்கினு போயி குப்பையில கொட்டுங்க. அப்பதான் படி ஏறுவோம். இல்லன்னா வண்டி திரும்பும்."

முருகையன் மருமகள் பக்கத்தில் வந்தார். "லேசும்மா, ரஞ்சிதத்துக்காக..."

"நான் உள்ள போறேன் மாமா" என்றாள் லேசியா. "கல்யாணத்துக்கும் வரல. உள்ளயே இருக்கறேன். ரொட்டியைக் கொட்ட மாட்டேன்."

"கொட்டும்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"மாட்டேன்."

தெருவே திரண்டுவிட்டது. செல்லம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயை விட்டாள். "இவ்ளோ பேரு சொல்றோம், மரம் மாதிரி நிக்கறா பாரு! ஏண்டி, சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கற?"

தமிழில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. உனக்கு மானம் ரோஷம் உண்டா என்று கேட்கிற கேள்வி. கேட்டவுடன் தலை தொங்கிவிட வேண்டும். லேசியாவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது, உள்ளே இருந்த ஊசி புரியவில்லை. அவள் நிமிர்ந்தாள்.

"ஆமா, உப்பு போட்டுத்தான் திங்கறேன். இந்த வூட்டு உப்பு. வந்த அன்னிக்கே அத்தை கூழுல போட்டுக் குடுத்தாங்க. சாவற வரிக்கும் மறக்க மாட்டேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்லம்மாளுக்கு முகம் சிவந்தது. லேசியாவுக்கு இப்போது கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்க அம்மா சின்னப் புள்ளையா இருக்கும்போது எங்க ஊர்ல கோதுமை வெளைஞ்சுது. சர்க்காரு ஆளுங்க வந்தாங்க. எல்லாத்தையும் வாரிக்கினு போனாங்க. வெதைக்கு வெச்சதையும் வுடல. அம்மா கூடப் பொறந்ததுங்க எல்லாம் செத்துப் போச்சுங்க. அம்மா மரப்பட்டையைத் தின்னு பொழைச்சா. அதை அங்க யாரும் வெளிய சொல்லக் கூடாது. கதவைச் சாத்திக்கினு, எங் காதுலதான் சொல்லுவா. இங்க நான் நடுத்தெருவுல நின்னு சொல்றேன், பாரு! எவனும் என்னைப் புடிச்சுக்கினு போவ மாட்டான். அதுக்கே இந்த ஊரை நான் கும்புடறேன். ஆனா ரொட்டியைக் கொட்டச் சொல்லாத. நீ இல்ல, கவர்னரே வந்து சொன்னாலும் கொட்ட மாட்டேன்!"

தலையில் பாதிப் பூ தொங்க, ரஞ்சிதம் வாசலுக்கு வந்தாள். நிச்சயத்துக்கு முன் பெண் இப்படி வந்து நிற்பதே தப்பு. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. ரொட்டியைப் பெரிதாகப் பிட்டு, உப்பில் அழுத்தி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மென்றாள். "எங்க அண்ணி நிக்காத எடத்துல நான் மட்டும் எதுக்கு நைனா நிக்கணும்?" என்று அப்பாவைக் கேட்டாள். முருகையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாத்தியா தங்கராசு! பொண்ணும் அதே தினுசு! ரஷ்யாக்காரி சகவாசம்!" என்று செல்லம்மாள் கத்தினாள்.

"யாருடி ரஷ்யாக்காரி?"

ஆரத்தித் தட்டோடு தனகோட்டி. எல்லாவற்றையும் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். கண்ணில் நீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "உக்கிராணத்துலயே பூந்து கொள்ளை அடிச்சிருக்கானுங்க, படுபாவிங்க! இத்தினி வருசமா அது தெரியாம நான் சிரிச்சுக்கினு இருந்திருக்கறேன். செல்லம்மா, புது வூடு போனா மொதல்ல இன்னாத்த எடுத்துக்கினு போவ? உப்புதானே? அதைத்தானே எம் மருமவ குடுத்தா? படி ஏறுறதுன்னா அவ கையால வாங்கித் தின்னுட்டு ஏறுங்க. இல்லன்னா தோ நிக்குது வண்டி. எம் பொண்ணு இங்கியே இருக்கட்டும், கூழு ஊத்தறேன்."

முருகையனுக்கு உயிர் போய் வந்தது. தங்கராசு அக்காவைப் பார்த்தார், தனகோட்டியைப் பார்த்தார். அவரும் மானாவாரிக் காட்டில் வானத்தைப் பார்த்து வளர்ந்த மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஒரு துண்டைப் பிட்டு, உப்பில் தொட்டு வாயில் போட்டார். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்து கையை நீட்டினான். செல்லம்மாள் மட்டும் வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குச் சாப்பாடு வேனுக்கே போனது. அதிலும் உப்பு இருந்தது.

"நல்லா வெந்திருக்குது. உப்புதான் ஒரு கல்லு தூக்கல்" என்றார் தங்கராசு, மென்றுகொண்டே. "எந்த ஊரு பலகாரம்மா இது?"

"உக்கிராணம்" என்று தனகோட்டி முந்திக்கொண்டாள்.

தெரு முழுக்க லேசியாவைத் திரும்பிப் பார்த்தது. திருத்துவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மாமியாரின் ஈர முகத்தை ஒரு தடவை பார்த்தாள். துணியைச் சரிசெய்து, ரொட்டியைத் தங்கராசின் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"ஆமா, உக்கிராணம்தான். இன்னொரு துண்டு எடுத்துக்குங்க."