பின்னுக்கு நடந்த முழங்கால்கள்

முழங்கால் தேய்ந்தவர்களை இடுப்பளவு வெந்நீரில் இறக்கி நடக்க வைக்கும் வேலையில், உடுப்பு நனையாத நாளுமில்லை, ஏச்சு வாங்காத நாளுமில்லை. படிக்கட்டைக் கண்டதும் பெருமூச்சு விடுகிற வாசகர்களே, உங்களுக்கு இது விளங்கும். மருதனார்மடத்துக்குக் கிட்ட நான் வேலை பார்த்த அந்தத் தொட்டி இப்போது இல்லை. அதை நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

எண்ணெய் முழுக்கு

உடுப்பிட்டிப் பரமேசு அக்கா, மிளகாய்த் தோட்டத்தில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கியே முழங்கால் போனவர். முதல்முதல் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் மினுங்க, கையில் சீயாக்காய்க் கிண்ணத்தோடு வந்தவர், நான் தடுக்குமுன் இறங்கிவிட்டார். தொட்டி முழுக்க எண்ணெய்ப் படலம். தண்ணீரை இறைத்துக் கழுவியதில் என் இடுப்பு கழன்றது. அக்காவோ என்னைத்தான் ஏசினார்: "வெள்ளிக்கிழமையிலை சுடுதண்ணி எண்டு சொல்லிப்போட்டு, எண்ணெய் வைக்காமல் ஆர் தம்பி வருவினம்?"

வலை இழுப்பு

பருத்தித்துறைச் சிவராசா அண்ணை கரைவலை இழுத்தவர்; கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நடந்தே வலையைக் கரைசேர்க்கிற தொழில். ஊர்க்கோயில் தீர்த்தத் திருவிழாவில் சாமியைக் கடலுக்குக் காவிப்போகும்போது முன்தண்டு அவருடைய தோளுக்கு உரியது. முழங்கால் மறுத்ததால் போன முறை கதிரையில் இருந்து பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த முறை காவியே தீருவது என்றுதான் பஸ் ஏறி வந்தார்.

தண்ணீரில் இறங்கியதும் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார். முன்னே நடக்கச் சொன்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சரியென்று ஒரு கயிற்றைக் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்தேன். போகப்போகப் பரமேசு அக்காவும் மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, தொட்டிக்குள் இழுபட்டது நான்தான். அண்ணையின் விளக்கம் இவ்வளவுதான்: "தண்ணிக்கை நிண்டா எனக்குத் தெரிஞ்ச நடை உதுதான், தம்பி."

தீர்த்தம்

டீசல் தட்டுப்பாடு வந்தது. தண்ணீரைச் சூடாக்க வழியில்லாமல் தொட்டியை மூடினார்கள். திருவிழாவுக்கு இன்னும் நாளிருந்தது. மத்தியான வெயிலில் சூடேறிக் கிடக்கும் கரைத்தண்ணீரில் அண்ணை தனியாகவே பின்னுக்கு நடந்தாராம். மனம் கேட்காமல் தீர்த்தத்துக்குப் போனேன். முன்தண்டில் அவர் நின்றார்.

தீர்த்தமாடி முடிந்தபோது கடலுக்குள் சாமியைத் திருப்ப இடமில்லாத சனம். பின்பக்கமாகவே கரையேற்ற வேண்டியதாயிற்று. இளந்தாரிகள் மணலில் தடுமாறினார்கள். அண்ணை தடுமாறவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாமியை இறக்கியபின் என்னைக் கண்டு, தோளைத் துடைத்தபடி சொன்னார்: "உந்தப் பெடியளுக்கு முன்னுக்கு நடக்க மட்டுந்தான் தெரியும்."

இப்போது குளிரூட்டிய அறையில் இயந்திரங்களோடு வேலை செய்கிறேன். உடுப்பு நனைவதில்லை, ஏசவும் ஆளில்லை, அந்த ஒரு குறைதான்.