ஆளில்லாத தண்ணீர்

அந்த வெள்ளிக்கிழமை மாலை மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அக்கா, அத்தான். அப்பா வீட்டில்தான் இருந்தார், ஆனால் மேசைக்கு வரவில்லை. அறைக் கதவை அரைவாசி சாத்திக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா எங்கும் இல்லை. சுனாமியன்று காலையிலிருந்து இல்லை. மேசையின் நடுவில் என் மடிக்கணினி, அதில் கனடாவின் மேற்குக் கரை வரைபடம். நாங்கள் மூவரும் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கடலைத் தெரிவு செய்துகொண்டிருந்தோம்.

இதை எழுதும்போதே எனக்கு விசித்திரமாக இருக்கிறது. எங்கள் ஊரான பெரியகல்லாற்றில் யாரும் கடலைத் தெரிவு செய்ததில்லை. கிழக்குப் பக்கம் கடல், மேற்குப் பக்கம் வாவி, நடுவில் ஒரு துண்டு மண்ணில் நாங்கள். தொழிலுக்குப் போகிறவர் காற்றைப் பார்ப்பார், நேரத்தைப் பார்ப்பார். கடல் எதுவென்று பார்க்கமாட்டார். இங்கோ உணவகம் தேடுவதுபோலக் கடல் தேடுகிறார்கள். ஒவ்வொரு குடாவுக்கும் நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். வாகனம் நிறுத்த இடம் உண்டா, கயாக் வாடகைக்குக் கிடைக்குமா என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். கயாக் என்பது துடுப்புப் போடும் ஒடுங்கிய பிளாஸ்டிக் படகு. அதில் போய் றொக்ஃபிஷ் பிடிக்கலாம் என்ற யோசனையைத் தந்தவர் என்னோடு பண்டசாலையில் வேலைசெய்யும் கெவின். பாறை இடுக்குகளில் ஆழத்தில் கிடக்கும் முள்மீன் அது; எங்கள் ஊர்க் கலவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். "உன் அப்பா சந்தோசத்துக்காக மீன் பிடிப்பவரா?" என்று கெவின் கேட்டார். அதை அப்படியே அப்பாவிடம் கேட்டேன். "சந்தோசத்துக்கா? கறிக்கு மனே" என்றார். கெவினிடம் "ஆம், மிகவும் சந்தோசமாக" என்று மொழிபெயர்த்துவிட்டேன்.

அப்பாவைத் தண்ணீரில் இறக்கவேண்டும் என்பதுதான் எங்கள் மூவரின் நோக்கமும். அவர் வந்து நான்கு மாதம். விசாவில் இன்னும் நிறையக் காலம் இருந்தது. ஆனால் அவரோ வந்த இரண்டாம் மாதமே ஊருக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அத்தானைக் கொண்டு பயணச்சீட்டும் போடுவித்துவிட்டார். இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே. போனால் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகக் கிடக்கவேண்டும். "இருங்கோப்பா" என்று அக்கா கேட்டபோதெல்லாம், "இரிந்து என்னகா செய்யிற? யன்னலப் பாத்துக்கொண்டு இரிக்கச் சொல்றியா?" என்று திருப்பிக் கேட்டார். கையில் ஒரு தூண்டில் கொடுத்துப் பார்ப்போம் என்றுதான் இந்த ஏற்பாடு.

ஆனால் எந்தக் கடல்? சுனாமிக்குப் பிறகு அப்பா கடலில் தொழில் செய்யவில்லை. அன்று காலை அவர் வாவிப் பக்கம் வலை எடுக்கப் போயிருந்தார். அம்மா கடல் பக்கம் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அப்பா ஓடி வந்தபோது ஓடி வருவதற்கு ஊரில் இடம் இருக்கவில்லை. பிறகு நிவாரணத்தில் ஆளாளுக்குப் புதுப் படகு கொடுத்தார்கள். தொழில் தெரியாத சில்லறைக் கடைக்காரருக்கும் ஒன்று கிடைத்தது. அப்பாவுக்குக் கிடைத்த நீலப் படகை அவர் கடலுக்குக் கொண்டுபோகவே இல்லை. நான்கு பேரைத் துணைக்குப் பிடித்து, படகைத் தூக்கி, வீதியைக் கடந்து, மேற்கே வாவியில் இறக்கினார். அன்றிலிருந்து கடலுக்கு முதுகுதான்.

ஆகவே எனக்கு ஒரே நிபந்தனை: இரண்டு பக்கமும் கரை தெரியவேண்டும். வானமும் தண்ணீரும் ஒட்டுகிற அந்தக் கோடு தெரியக்கூடாது. அத்தானின் நிபந்தனை மீன். அக்காவின் நிபந்தனை கழிவறை. "நீங்க ரெண்டு பேரும் கடலுக்க போயிருவீங்க, நான் பத்தைக்கயா போற?" என்றார். வெளிக்கரை ஒன்றைப் பார்த்தோம்; அலை படத்திலேயே இரைந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று; அங்கே கரைக்குக் கரை படகுகள். மூன்றாவதாக ஒரு நீண்ட நுழைகுடா கிடைத்தது. இருபுறமும் மலை, நடுவில் சிறு தீவு, தீவைச் சுற்றிப் பாறை, தண்ணீர் எண்ணெய் வார்த்ததுபோல. செய்மதிப் படத்தில் தீவுக்குப் பக்கத்தில் ஒரு படகுகூட இல்லை.

"சனமே இல்ல மச்சான், மீன் முழுக்க எங்களுக்குத்தான்" என்றார் அத்தான். நானும் அதையே நினைத்தேன். சட்டங்களை எல்லாம் நான் ஏற்கெனவே வாசித்து முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் வாசிப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஆளுக்கொரு அனுமதிப்பத்திரம், நாளொன்றுக்கு எத்தனை மீன், வேண்டாத மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கும் கொளுவி படகில் இருக்கவேண்டும் என்பதுவரை குறிப்பெடுத்திருந்தேன்.

வாசிக்கிற வேலை எனக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் தண்ணீரில் இறங்க அப்பாவுக்குப் பாஸ் வேண்டும். இராணுவ முகாமில் வாங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து எடுத்து, "என்ன எழுதியிருக்கு, பார்" என்று என்னிடம் நீட்டுவார். தமிழில் இருந்தால் வாசிப்பேன். சிங்களத்தில் இருந்தால் இலக்கங்களை மட்டும் வாசித்து, மிச்சத்தை என் பாட்டில் சொல்லிவிடுவேன். ஒருதடவை மாலை ஆறு மணிவரை நிற்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அது ஆறாம் திகதி வரைக்கும் என்ற ஆறு. அன்று திகதி ஏழு; அவரைப் பகல் முழுக்கச் சோதனைச் சாவடியில் வெயிலில் இருத்தி வைத்தார்கள். வந்து என்னை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு யுத்தம் முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். இனிப் பாஸ் தேவையில்லை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் பாஸைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்கினார்.

ஞாயிறு காலை நுழைகுடாவில் காற்றே இல்லை. இரண்டு பேர் இருக்கும் கயாக்கில் நானும் அப்பாவும், ஒற்றைக் கயாக்கில் அத்தான். அக்கா கரையில் சோற்றுப் பெட்டியோடு. அப்பா கயாக்கைச் சுற்றி வந்து பார்த்தார். "இது தோணியில்ல மனே, செருப்பு" என்றார். ஆனாலும் ஏறினார். ஏறியதும் துடுப்பை என் கையிலிருந்து பறித்துக்கொண்டார். நான்கு மாதத்தில் அவர் முதுகு அப்படி நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. கரையிலிருந்து அக்கா கையசைத்தபோது, நம் வேலை முடிந்தது, இனி இவர் போகமாட்டார் என்று நினைத்தேன்.

தீவை நெருங்கும்போது அவர் துடுப்பை நிறுத்தினார். "இவடத்த ஏன் ஒருத்தரும் இல்ல?"

"இல்லாததுதானேப்பா நல்லம்."

"நல்ல தண்ணி. பாறை இரிக்கி. காத்தில்ல. ஞாயித்துக்கிழம. மறுகா ஏன் ஒருத்தனும் வரல்ல?"

"மாமா, இது கனடா" என்று பக்கத்துக் கயாக்கிலிருந்து அத்தான் சிரித்தார். "இங்க தண்ணிக்குக் காவல் இல்ல."

நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆளில்லாத தண்ணீர் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மீன் இருந்தும் ஆள் போகாத இடம் என்றால், போகக்கூடாத இடம். இங்கே வந்த நான்கு வருடத்தில் நான் அதை மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை.

தூண்டில் இறங்கிய பத்தாவது நிமிடம் அப்பாவுக்குப் பட்டது. கையாலேயே இழுத்தார். செம்பு நிறத்தில், முதுகெல்லாம் முள்ளாக ஒன்று மேலே வந்தது. ஆழத்திலிருந்து சட்டென்று வந்ததால் கண்கள் இரண்டும் பிதுங்கியிருந்தன. "கலவாயின்ட சாடைதான்" என்றார் அப்பா. அவர் முகத்தில் சிரிப்பு வந்த அதே நேரத்தில் தீவின் மறுபக்கமிருந்து இயந்திரச் சத்தமும் வந்தது. சாம்பல் நிறப் படகு. சீருடையில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும்.

அப்பா துடுப்பை விட்டுவிட்டார். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். வலது கையில் ஒரு பொலித்தீன் பை. எப்போது இடுப்பிலிருந்து எடுத்தார் என்று நான் காணவில்லை. கயாக் ஒருபக்கம் சரிந்து நிமிர்ந்தது.

அந்தப் பெண் மீன்பிடித்துறை அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். படகின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, "ஐயா, கைகளை இறக்கலாம், ஒன்றும் பிரச்சினையில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

"கையை இறக்கட்டாம்ப்பா."

"துவக்கு இரிக்கா?"

இருந்தது. அந்தப் பெண்ணின் இடுப்பில் துப்பாக்கி. "இல்லப்பா" என்றேன்.

"எனக்குக் கண் தெரியும் மனே."

கையை இறக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் தன் கையை நீட்டி, பையை வாங்கிக்கொண்ட பிறகுதான் இறக்கினார். பையில் கடவுச்சீட்டு, ஊர் அடையாள அட்டை, இங்கே எடுத்த அனுமதிப்பத்திரம், எல்லாவற்றுக்கும் அடியில் மடிப்பு மடிப்பாகக் கிழிந்த பழைய பாஸ். அந்தப் பெண் பாஸை விரித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். ஊரில் அப்பா வைத்திருந்த மீன்பிடி அனுமதி என்றேன். "இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருக்கிறாரே, தொழிலில் எவ்வளவு பெருமை இருக்கவேண்டும்" என்றார் உண்மையான மரியாதையோடு. நான் திருத்தவில்லை. எங்கேயிருந்து தொடங்கித் திருத்துவது?

தீவைச் சுற்றியுள்ள தண்ணீர் றொக்ஃபிஷைப் பாதுகாக்க மூடப்பட்டது. அது தனி வரைபடத்தில் இருந்ததாம். நான் சட்டத்தை வாசித்தேன், படத்தைத் தேடவில்லை. தூண்டில்கள் என் பொறுப்பில் என்று நான் சொன்னதால் தண்டச்சீட்டு என் பெயரில் எழுதப்பட்டது. அதற்கிடையில் மற்ற அதிகாரி மிதந்துபோன துடுப்பை எட்டி எடுத்து, துடைத்து, அப்பாவின் மடியில் வைத்தார். பிறகு மீனை விடச் சொன்னார்கள். காற்றடைத்த வயிற்றோடு மேலே விட்டால் அது மிதந்தே செத்துப்போகும். கொளுவியை அதன் வாயில் மாட்டி, ஈயத்தோடு நான் நூலை விட, அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்த இடத்துக்கே இறக்கிறயா?"

"ஓம்ப்பா."

"உசிரோட போகுமா?"

"ஆழத்துக்குப் போனாக் கண் உள்ளுக்குப் போயிருமாம். பிழைக்கும் எண்டுதான் சொல்றாங்க."

நூல் தளர்ந்தது. அப்பா துடுப்பை எடுத்துக் கயாக்கைக் கரைப் பக்கம் திருப்பினார்.

திரும்பும் வழியில், காரின் பின்னிருக்கையில் அக்கா சோற்றுப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். எல்லாம் கெட்டுப்போயிற்று, இனி இவரை ஒருநாளும் மறிக்கமுடியாது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். "பிழை என்னிலதான்ப்பா" என்றேன் கடைசியில்.

அப்பா தண்டச்சீட்டைக் கேட்டு வாங்கினார். எழுத்துத் தெரியாதவர், புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏன் மனே, சட்டத்தச் சிங்களத்திலயா எழுதியிருந்தவங்க?" என்றார்.

முதலில் சிரித்தது அக்கா. பிறகு அத்தான், காரணம் தெரியாமலே. நான் சிரிக்க நேரமெடுத்தது. அந்த ஆறாம் திகதியை அவர் இத்தனை வருடம் மனதில் வைத்திருந்திருக்கிறார்.

"வெயில்ல இருத்தல்லையே" என்றார் அப்பா தனக்குத்தானே. "துடுப்பையும் எடுத்துத் தந்தானே." பிறகு சற்று உரத்து: "அடுத்தமுற சனம் இரிக்கிற தண்ணியாப் பார். அண்டைக்கு மேசையில கதைச்சீங்களே, அந்தத் துறைமுகத்தடி சரி."

அடுத்தமுறை என்ற சொல் காருக்குள் அப்படியே நின்றது. அக்காதான் மெதுவாகக் கேட்டார், "அப்ப ஊருக்குப் போற ரிக்கற்ற கான்சல் பண்ணச் சொல்லட்டாப்பா?"

"கான்சல் பண்ணாத. தள்ளி வை."

"எந்தத் திகதிவரைக்கும்?"

"தள்ளி வை எண்டன். திகதியை மறுகா சொல்றன்."

அவர் தண்டச்சீட்டை மடித்தார். பாஸும் கடவுச்சீட்டும் இருந்த அதே பையில், இரண்டுக்கும் நடுவில் வைத்து, பையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டு கயாக்குகளின் வாடகை, மூன்று அனுமதிப்பத்திரங்கள், பெற்றோல் எல்லாம் சேர்ந்து நூற்றெண்பது டொலர். தண்டம் இருநூற்றைம்பது. போகாமலும் விடாமலும் பயணச்சீட்டைத் தள்ளி வைப்பதற்கு இருநூறு. மொத்தம் அறுநூற்று முப்பது.