ஏரிக்குப் போன வயர்

லோர்னா ஹெய்க்கிலா பதினோரு வருஷமாகத் திரைப்பட விழாவுக்கு வேலை செய்கிறாள். அந்த விழாவில் ஒரு படம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. கல்யாண வீட்டில் சமைக்கிறவள் பந்தியில் உட்கார்ந்து யார் பார்த்திருக்கிறார்கள்?

அமெரிக்காவின் வடக்கோரம், சுப்பீரியர் ஏரியை ஒட்டிய ஊர். ஒரே தியேட்டர். பிப்ரவரியில், ஏரி உறைந்து கிடக்கும்போது, மூன்று நாள் விழா. முன்பெல்லாம் படப்பெட்டி என்றால் இரண்டு ஆள் தூக்க வேண்டும். இப்போது அது கைக்கு அடக்கமான ஒரு டிஸ்க். வருகிற டிஸ்க்கை லோர்னா தன் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரில் செருகி, படத்தைத் தியேட்டர் டிஸ்க்குக்கு நகல் எடுப்பாள். பழைய ஆபரேட்டர் வெயில் தேடித் தெற்கே போனபோது, பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்த இவள்தான் வந்து நின்றாள். செய்முறையைப் படித்துப் படிப்படியாகச் செய்யத் தெரிந்தால் போதும், குழம்பானால் என்ன படமானால் என்ன என்றாள்.

நகல் எடுத்ததும் வேலை முடிந்தது என்பார்கள் சோம்பேறிகள். அதற்குப் பிறகுதான் சரிபார்ப்பு. படத்தின் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு நீளமான எண் உண்டு. படம் எடுத்தவர்களே எழுதி அனுப்பியிருப்பார்கள். சாஃப்ட்வேர் நகலை முதலிலிருந்து கடைசிவரை படித்து, அதுவும் ஒரு எண் கண்டுபிடிக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முதல் வருஷம் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு இதைச் செய்யாமல் விட்டாள். நாற்பதாவது நிமிஷத்தில் திரை கறுத்துவிட்டது. அந்தப் படத்தை எடுத்தவர் இருநூறு பேருக்கு முன்னால், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்தக் கைகளை லோர்னா இன்னும் மறக்கவில்லை.

சரிபார்ப்பு ஓடும்போது வேறு வேலை கிடையாது. டிஸ்க் மெல்ல முனகும். ஜன்னலுக்கு வெளியே ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. அப்போது லோர்னாவுக்குள் ஒரு படம் ஓட ஆரம்பிக்கும். பெயரும் நீளமும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மீதியை அவளே எடுத்துக்கொள்வாள்.

அன்று வெள்ளிக்கிழமை. படத்தின் பெயர் ‘கீழே தண்ணீர்’, தொண்ணூற்று நான்கு நிமிஷம். லோர்னாவின் படத்தில் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி, காலி வாளியோடு பனிமேல் நடந்துகொண்டே இருந்தாள். வாளியில் மெதுவாக வெளிச்சம் நிரம்பியது. அவள் அதைத் தளும்பாமல் தூக்கிப் போனாள்.

சிவப்பு. ஏழாவது ஃபைல்.

விழாவை நடத்தும் கிளின்ட் பெரோ அப்போதுதான் உள்ளே வந்தான். கூடவே படத்தை எடுத்த ஜோலீன். அவளுடைய மூல டிஸ்க் இரண்டு மணி கூரியரில் அடுத்த ஊர் விழாவுக்குப் போக வேண்டும். அது போன பிறகு இங்கே இருப்பது இந்த நகல் ஒன்றுதான். மாலை ஏழு மணிக்குக் காட்சி, டிக்கெட் எல்லாம் விற்றாகிவிட்டது.

கிளின்ட் நகலை அஞ்சாறு இடத்தில் தட்டி ஓடவிட்டுப் பார்த்தான். நன்றாகத்தான் ஓடியது.

“ஓடுதுல்ல லோர்னா? விடுங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

“மெஷினுக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்கும் தெரிஞ்சிருச்சு. இன்னும் யாருக்குடா தெரியணும்?”

ஜோலீனுக்கு இது ஆறு வருஷ உழைப்பு. ஸ்வெட்டர் கைநுனியைப் பிரித்துக்கொண்டே நின்றாள்.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வயரை லோர்னா தொட்டுப் பார்த்தாள். லொடலொடவென்று ஆடியது. அவளுடைய வயரின் நுனியில் அடையாளத்துக்கு ரோஸ் நகப்பாலிஷ் வைத்திருப்பாள். இதில் இல்லை. வீட்டில் வயரை மாற்றுகிற ஆள் ஒருத்தன்தான், அவளைக் கட்டிக்கொண்ட ரே.

கோட்டை மாட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். ரேயின் மீன்பிடிக் குடிசை, பனிக்கு நடுவில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. காற்று இல்லை. காலடியில் பனிக்கட்டி எங்கோ ஆழத்தில் விம்மியது. நடக்க நடக்கக் குடிசை கிட்டே வராத மாதிரி இருந்தது. அவள் கோட்டு சாம்பல் நிறம், கையில் வாளியும் இல்லை. இருந்தாலும் இந்த நடையை ஏற்கெனவே பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

உள்ளே ரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். பனியில் போட்ட ஓட்டைக்குள் கேமராவை இறக்கியிருந்தான். முன்னால் சின்னத் திரை. அதற்குக் கரன்ட் போவது ரோஸ் நகப்பாலிஷ் வயரில்.

“என் வயர எடுத்தியா?”

“நல்ல வயரா இருந்துச்சு.”

“அதனாலதான் அது என் மேஜைல இருந்துச்சு.”

“ரெண்டு நிமிஷம் இரு. மீனு வந்து நிக்குது.”

திட்டத்தான் வாயைத் திறந்தாள். திரையில் பச்சை வெளிச்சம். அதில் ஒரு மீன் போகவும் இல்லை, வரவும் இல்லை. செவுள் மட்டும் மூடித் திறந்தது. லோர்னா திறந்த வாயை மூடவில்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ. பிறகு குனிந்து வயரை உருவினாள். திரை கறுத்தது. ரே முனகினான்.

வீட்டுக்கு வந்து ஏழாவது ஃபைலை மறுபடி நகல் எடுத்தாள். சரிபார்ப்பை முதல் ஃபைலிலிருந்து ஓடவிட்டாள். ஏழாவதை மட்டும் பார்த்தால் போதாதா என்ற கிளின்ட் முன்னால் ஏலக்காய் ரொட்டியை வைத்து, வாய்க்கு வேறு வேலை கொடுத்தாள். கூரியர் வண்டி தெருமுனையில் திரும்பியபோது கடைசி ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் பெல் அடித்தான். ஜோலீன் மூல டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பச்சை. மேலிருந்து கீழ்வரை பச்சை.

“இப்ப குடுத்தனுப்பு” என்றாள் லோர்னா.

அன்று மாலை ஜோலீன் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தாள். பனிக்கு அடியில் குழாய் பழுதுபார்க்கும் முக்குளிப்பவர்களைப் பற்றிய படம். சிவப்புக் கோட்டு இல்லை. பாதிக்கு மேல் போனதும், ஏழாவது ஃபைல் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்று நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். திரையில் பச்சைத் தண்ணீர் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. எப்போது பிடியை விட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

விளக்குப் போட்டதும் ஜோலீன் திரும்பி, எப்படி இருந்தது என்று கேட்டாள்.

“நடுவுல நிக்கல” என்றாள் லோர்னா. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். “ஒரு வாளி வெச்சிருக்கலாம்.”