ஆன் என்றொரு சக ஊழியர்

பினாங்கு வெல்ட் கீயில் இருக்கும் அந்த அலுவலகத்தில் ஸ்ரீகரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் ஒருவரும் இல்லை. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்து நான்கு ஆண்டுகள் அதே மாடியில், அதே ஜன்னலோர நாற்காலியில் கழிந்தவை. கப்பலில் சரக்கு அனுப்பித் தரும் நிறுவனத்தின் சிறிய கிளை அது. அவரோடு சேர்த்து நான்கு பேர். மற்ற மூவருக்கும் அவர் அண்ணே. லாரி ஓட்டுநர்களுக்கு அண்ணே. பட்டர்வொர்த் துறைமுக முனையத்தின் வாசலில் நிற்கும் மலாய்க் காவலருக்குக்கூட அவர் ‘அனே’தான்.

வீட்டிலும் பெயர் கிடையாது. மனைவி பத்மாவதிக்கு அவர் ‘என்னப்பா’. மகளுக்கு அப்பா. ‘ஸ்ரீ’ என்று கூப்பிட்ட அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடையாள அட்டையில் விநாசித்தம்பியின் மகன் ஸ்ரீகரன் என்று தெளிவாக இருக்கிறது. அதை வாய்விட்டுப் படிப்பவர்கள் மருத்துவமனைக் கவுண்டரில் இருப்பவர்கள் மட்டும். இதை அவர் ஒரு குறையாக எண்ணியதில்லை. போன அக்டோபர் வரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

அவருடைய வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டி சரியான கப்பலில், சரியான நாளில் ஏறவேண்டும். அதற்கு நாளைக்கு நாற்பது தொலைபேசி அழைப்பு, ஜெலுத்தோங் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் எட்டு மணிக்குள் வருகை, ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒரே வாக்கியம்: “சீல் நம்பர ரெண்டு தடவ பாருங்க.” பெட்டிக் கதவில் மாட்டும் சீலின் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஓர் இலக்கம் மாறினாலும் பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும். அவர் இதைச் சொல்லாத நாள் இல்லை. யாரும் கவனித்துக் கேட்ட நாளும் அதிகமில்லை.

பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருக்கும் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் ஓர் ஏஐ உதவியாளரைக் கொடுத்தது. மேசை நடுவில் தட்டு மாதிரி ஒரு மைக், அதில் ஒரு பச்சை விளக்கு. காலை ஒன்பதே கால் மணிக் கூட்டத்தில் பேசுவதையெல்லாம் அது கேட்கும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து கொட்டினாலும் பிரித்துப் புரிந்துகொள்ளும். கூட்டம் முடிந்த இரண்டாவது நிமிடம் ஆங்கிலத்தில் சுருக்கம் வந்துவிடும்: யார் என்ன சொன்னார், எந்த வேலையை யார் ஏற்றார், எது முடிந்தது. நான்கு பேரும் ஒரே மைக்கில் பேசினார்கள். அதனால் எந்தக் குரல் யாருடையது என்பதை, அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடும் விதத்தை வைத்தே அது தெரிந்துகொண்டது.

முதல் நாள் சுருக்கத்தை சுஹானா திரையில் காட்டினாள். ஆவணங்கள் தயாரிக்கும் பெண், இருபத்தாறு வயது. ஸ்ரீகரனின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன. ஏ, என், என், ஈ.

“அண்ணே, ஒங்களுக்கு மூணு வேல போட்டிருக்கு.”

“மெஷினுக்கே மரியாத தெரியுது லா,” என்றார் லாரிகளை அனுப்பும் சிக்கந்தர். “எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். கிளை மேலாளர் மோகனராஜும் சிரித்தார். அவர் பதவியில் பெரியவர், வயதில் பத்து ஆண்டு இளையவர். அவருக்கும் ஸ்ரீகரன் அண்ணேதான். அந்த நான்கு எழுத்தை பினாங்கில் நான்கு பேரும் அண்ணே என்று படித்தார்கள். சிங்கப்பூரில் படித்தவர்களுக்கு அது ஆன் என்ற பெண்ணின் பெயர். எட்டு மாதம் இந்த இரண்டு வாசிப்பையும் பற்றி இரு அலுவலகமும் பேசிக்கொள்ளவே இல்லை.

ஜூலையில் ஸ்ரீகரனுக்கு டெங்கி வந்தது. ஐந்து நாள் மருத்துவமனை. மூன்றாம் நாள் முற்பகல், கையில் ஊசிக் குழாயோடு படுத்திருந்தவர் பழக்க தோஷத்தில் தொலைபேசியை எடுத்து அன்றைய சுருக்கத்தைப் பார்த்தார். கூட்டத்தில் இருந்தவர்கள்: மோகனராஜ், சிக்கந்தர், சுஹானா, ஆன். அவர் எழுந்து உட்கார்ந்தார். கீழே இருந்தது: இரண்டாவது பெட்டியை முதலில் ஏற்றும்படி ஆன் சொன்னார். மழை வந்தால் தார்ப்பாய் போடும் பொறுப்பை ஆன் ஏற்றார்.

சுஹானாவைக் கூப்பிட்டார்.

“நான் இங்க படுத்திருக்கேன். அங்க யாரும்மா பேசுனது?”

“அலாமா, அதுவா! நாங்கதான் பேசிக்கிட்டோம் அண்ணே. ‘அண்ணே இருந்தா என்ன சொல்லுவாரு?’ன்னு சிக்கந்தர் பாய் கேட்டாரு. ‘ரெண்டாவத மொதல்ல ஏத்தச் சொல்லுவாரு’ன்னு பாஸ் சொன்னாரு. மெஷின் நீங்களே வந்துட்டீங்கன்னு எழுதிருச்சு போல.”

அவரும் சிரித்தார். உண்மையில் அவர் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். “சரி, அந்தக் கடைசி வரி?”

“எந்த வரி?”

சுருக்கத்தின் கடைசி வரி: சீல் எண்ணை இரண்டு தடவை பார்க்கும்படி ஆன் நினைவூட்டினார்.

சுஹானா தன் திரையில் அதைத் தேடிப் படித்தாள். “அத யாருமே சொல்லல அண்ணே.”

ஆறு மாதமாகத் தினமும் கேட்ட வாக்கியத்தை இயந்திரம் தானே போட்டு நிரப்பியிருக்கும் என்று மோகனராஜ் பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த வரியைப் பார்த்த சுஹானா அன்று எதற்கும் இருக்கட்டும் என்று தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது பெட்டியின் சீல் எண்ணில் ஒன்று ஏழாக மாறியிருந்தது. பெட்டி கிளம்ப நாற்பது நிமிடம் இருந்தது. திருத்தினாள். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பாராட்டு வந்தது, ஆனுக்கு. அன்பும் மரியாதையும் கொண்ட அந்தக் கடிதத்தை ஸ்ரீகரன் மருத்துவமனைக் கட்டிலில் இரண்டு முறை படித்தார். பத்மாவதி எட்டிப் பார்த்து, “யாரப்பா இந்த ஆன்?” என்றாள்.

“நான்தான்,” என்றார் அவர். சொன்னபிறகு அது அவருக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபரில் கிளைக்கு ஓர் ஆளைக் குறைப்பது என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. யாரை என்பதற்கு உதவியாளரின் பதிவுகளையே எடுத்துக்கொண்டார்கள். பணியாளர் பிரிவின் மிஸ் குவா காணொளியில் வந்தார். மோகனராஜ் ஸ்ரீகரனையும் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாததால் நாங்கள் ஒப்பந்த ஊழியராகக் கணக்குத் திறந்து வைத்த ஆன் இவ்வாண்டு முந்நூற்றுப் பன்னிரண்டு வேலைகளை முடித்திருக்கிறார், அவரை நிரந்தரமாக்க விரும்புகிறோம் என்றார் மிஸ் குவா. ஸ்ரீகரன் என்பவர் பெயரில் பேச்சு ஒன்றுமில்லை, வேலை ஒன்றுமில்லை. அவரை விடுவிக்கலாம். பிறகு, சிறு தயக்கத்தோடு ஒரு கேள்வி: “ஆன் ஏன் ஒருநாளும் கேமராவில் வருவதில்லை?”

மோகனராஜ் விளக்க ஆரம்பித்தார். அண்ணே என்றால் மூத்த சகோதரர், அது பெயரில்லை, இதோ இருக்கிறாரே இவர்தான் என்று. மிஸ் குவா கேட்டார், வாயைப் பொத்திச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். தான் நம்புவதாகச் சொன்னார். ஆனால் பட்டியல் அடுத்த திங்கட்கிழமை மேலிடத்துக்குப் போகும். அங்கே பதிவைத்தான் பார்ப்பார்கள், தன் வார்த்தையை அல்ல. நான்கு காலைக் கூட்டங்கள் இருக்கின்றன. இயந்திரம் அந்தக் குரலை ஸ்ரீகரன் என்று தெரிந்துகொண்டால் பழைய பதிவுகளும் அந்தப் பெயருக்கு மாறும். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று மிஸ் குவாவால் சொல்ல முடிந்தது.

“எனக்கு வாய் வரமாட்டேங்குது அண்ணே,” என்றாள் சுஹானா. “எங்க அத்தா வயசு ஒங்களுக்கு.”

“சொல்லு லா. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“ஸ்ரீகரன் அண்ணே.”

“பின்னாடி வால் வரக்கூடாதாம்.”

“ஸ்ரீ… ஸ்ரீகரன் சார்?”

“அப்புறம் அது சாருன்னு ஒரு ஆள எழுதும்,” என்றார் சிக்கந்தர். “ஆபீஸ்ல எடம் பத்தாது.” அவர் முயன்றார். “டேய் ஸ்ரீகரன்” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “மாஃப் அண்ணே. பேர மட்டும் சொன்னா டேய் தானா வருது.”

வியாழக்கிழமை கூட்டம் தொடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. நான்கு பேரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஸ்ரீகரன்,” என்றார் மோகனராஜ், தாளைப் பார்த்துக்கொண்டே. “கிள்ளான் போற பெட்டி என்ன ஆச்சு?”

ஸ்ரீகரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுஹானா மேசைக்கு அடியில் அவர் காலை இடித்தாள். அவர் அதன்பிறகுதான் திடுக்கிட்டுப் பேசினார். ஒவ்வொரு முறையும் இப்படியே ஆனது. பெயர் சொல்லப்படும், அறையில் யாரோ இன்னொருவர் பதில் சொல்வார் என்று அவர் காத்திருப்பார். மருத்துவமனைக் கவுண்டரிலும் அப்படித்தான். பேசும்போதும் அவருடைய குரல் மாறியிருந்தது, படிவம் நிரப்புகிறவரின் குரலாக. சீல் எண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார்.

சுருக்கம் வந்தது. ஸ்ரீகரன் இரண்டு வேலைகளை ஏற்றார். பெருமூச்சு விட்டார்கள். கடைசி வரியை சுஹானாதான் கண்டாள்: ஆன் கூட்டத்தில் இருந்தார். பேசவில்லை.

“யாராச்சும் அண்ணேன்னு சொன்னீங்களா?” என்றார் மோகனராஜ்.

ஒருவருமில்லை. சிக்கந்தர் மட்டும், தேநீர் கொண்டுவந்தபோது வாய்க்குள் முனகியிருக்கலாம் என்றார். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். மேசையின் ஐந்தாவது நாற்காலியில் எப்போதும் பழைய கோப்புகள் கிடக்கும். அன்று சுஹானா கோப்புகளை எடுத்துவிட்டு, நாற்காலியை நடைக்குக் கொண்டுபோய் வைத்தாள்.

வெள்ளி: ஆன் கூட்டத்தில் இருந்தார். பேசவில்லை. சனிக்கிழமை அரைநாள்: அதே வரி. திங்கள் காலை அந்த வரி இல்லை. பதினொரு மணிக்குப் பட்டியல் மாறிவிட்டதாக மிஸ் குவா எழுதினார். முந்நூற்றுப் பன்னிரண்டு வேலைகளும் ஸ்ரீகரனுக்கு வந்துவிட்டன. அவர் வேலையில் நீடிப்பார். யாரையும் குறைக்கப்போவதில்லை, ஆன் என்ற இடம்தான் குறைந்தது.

மதியம் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஊழியரின் கணக்கை மூடினால் தானாகக் கிளம்பும் கடிதம். ஆன் நம்மிடமிருந்து விடைபெறுகிறார். அவருடைய உழைப்புக்கு நன்றி. கீழே அவர் செய்த காரியங்களின் பட்டியல். மழையில் பெட்டிக்குத் தார்ப்பாய் போட்டது, முனையத்தில் நான்கு மணி நேரம் நின்றது, சீல் எண் திருத்தம். ஸ்ரீகரன் கடைசிவரை உருட்டிப் படித்தார். செத்தவருக்குப் பத்திரிகையில் போடும் அறிவிப்பைப் போல இருந்தது. சிக்கந்தர் சூலியா தெருவிலிருந்து நாசி கண்டார் சோறு வாங்கி வந்திருந்தார், வேலை பிழைத்ததற்கு. நால்வரும் மின்னஞ்சலை மூடாமலே சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு அவரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார்கள். விளக்கு எரியாத நேரத்திலும், படிக்கட்டிலும், தொலைபேசியிலும். பயம்தான். ஒரு தடவை வாய் தவறினால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் என்ன வருமோ என்ற பயம். சில வாரங்களில் நாக்கு பழகிவிட்டது. பழகியதும் மற்றவையும் மாறின. சிக்கந்தர் அவரிடம் கேலி பேசுவதை விட்டார். சுஹானா ஊர்க்கதை சொல்வதை விட்டாள். அவரும் சீல் எண்ணைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை. தாமே பார்த்துக்கொண்டார். பெயரைக் கேட்டால் திரும்புவதற்கு இன்னமும் ஒரு கணம் பிந்தியது.

டிசம்பரில் ஒருநாள், கூட்டத்தின் நடுவில் சுஹானாவின் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துக் கேட்டவள் எழுந்து நின்றாள். சந்தையில் அவளுடைய அம்மா நூர் பீவி மயங்கி விழுந்துவிட்டார்.

“அண்ணே,” என்றாள். “அண்ணே, உம்மா…”

“வா,” என்றார் அவர். சொல் காதில் விழுவதற்குள் எழுந்துவிட்டிருந்தார். “சிக்கந்தர், கெரெத்தா சாவி குடு, ஒன் கார்லயே போயிர்றோம். நீ கீழ போம்மா, நான் வர்றேன். பயப்படாத.” கதவருகே போனவர் திரும்பி, “மூணு பெட்டி இருக்கு. சீல் நம்பர ரெண்டு தடவ பாருங்க,” என்றார்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். நூர் பீவிக்கு சர்க்கரை இறங்கியிருந்தது, இப்போது பரவாயில்லை. மோகனராஜும் சிக்கந்தரும் திரைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அவருக்கு வழிவிட்டார்கள்.

காலைச் சுருக்கம் அப்படியே திறந்திருந்தது. ஸ்ரீகரன் கூட்டத்திலிருந்து பாதியில் வெளியேறினார். அதற்குக் கீழே இன்னொரு வரி: ஆன் தாமதமாகச் சேர்ந்தார்.

கணக்கை மூடி இரண்டு மாதம் ஆகிறது. மேசையில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள்.

“இப்பவே திருத்திடலாமா, ஸ்ரீகரன்?” என்றார் மோகனராஜ் மெதுவாக.

யாரைக் கேட்கிறார் என்று அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார்.