ஏழு லாரிகளின் முதல் எடை

செய்யூரிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போகும் வழியில், சவுக்குத் தோப்புகள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடத்தில் ஓர் எடைமேடை இருக்கிறது. அங்கே எட்டு வருஷமாக ஆபரேட்டராக இருப்பவள் வேண்டா. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வீட்டில் வைத்த பெயர். அதை வைத்து நீங்கள் என்ன ஜோக் அடிக்க நினைத்தாலும் யாராவது ஒரு லாரி டிரைவர் அதை ஏற்கெனவே அடித்திருப்பார். அவள் சிரித்திருக்க மாட்டாள். பெயரை மாற்றிக்கொள்ளேன் என்று சொன்னவர்களிடம், கெஜட்டுக்கு அலைய எனக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டாள்.

பிளஸ் டூ முடித்து, மதுராந்தகத்தில் ஆறு மாசம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். வேலை சுலபம்தான். சவுக்கு ஏற்றிய லாரி மேடை மேல் வந்து நிற்கும். அவள் லாரி நம்பரையும் விவசாயியின் பெயரையும் அடித்து எண்டரைத் தட்டினால் எடை கம்ப்யூட்டருக்குள் பதிந்துகொள்ளும். லாரி எதிரிலிருக்கும் மண்டிக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பி வந்து மறுபடி மேடை ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கின் எடை. அப்போதுதான் சீட்டு அச்சாகும்.

முதல் எடைக்கும் ஒரு சீட்டு கொடுப்பதுதான் முறை. இங்கே முதலாளி வாசுதேவன் அதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. பேப்பர் வீண், மரம் வீண் என்பார். வெட்டிய மரத்தை எடை போட்டுப் பிழைக்கிற மனுஷன் சொல்கிற பேச்சைப் பாருங்கள். ஆனாலும் யாரும் குறைசொல்லவில்லை, ஏனென்றால் வேண்டா இருந்தாள். எந்த லாரி எத்தனை மணிக்கு எவ்வளவு எடையோடு வந்தது என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்வாள். லாரி திரும்பும்போதே அதன் காலி எடையைச் சொல்லிவிடுவாள். புதிதாக வரும் டிரைவர்களிடம் பழைய டிரைவர்கள் இதைத் தங்கள் சொந்தச் சாமர்த்தியம் மாதிரி பெருமையாகச் சொல்வார்கள். அவளுக்கும் அதில் கர்வம் உண்டு. எட்டு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு இந்தக் கர்வம்கூட இல்லாவிட்டால் எப்படி?

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்குக் கரண்ட் கண்சிமிட்டியது. ஒரு நொடிதான். கரண்ட் போனால் தாங்கிப்பிடிக்க வேண்டிய யூபிஎஸ் மேசைக்கு அடியில் இருந்தது. பேட்டரி உப்பிப் போய் ஒரு வருஷமாக அது வேண்டாவுக்குக் கால் வைத்துக்கொள்ளத்தான் உதவிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டால் நீலத்திரை வந்து, வட்டம் சுற்றி, தானே அணைந்து, தானே எழுந்து, மறுபடி நீலத்திரை. பத்துத் தரம் பார்த்தாள். பத்துத் தரமும் அதே கதைதான்.

எடைமேடைக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே கம்பத்தில் சிவப்பு எண்கள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் காலையிலிருந்து வந்த ஏழு லாரிகளின் முதல் எடையும் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டுவிட்டது. சரக்கையெல்லாம் மண்டியில் இறக்கி, ஒரே குவியலாகக் கலந்தாகிவிட்டது. மறுபடி ஏற்றி நிறுத்தவும் வழியில்லை.

அந்த ஏழில் ஒன்று கோதண்டராமனின் முதல் லோடு. ஒன்றரை ஏக்கரில் நாலு வருஷம் காத்திருந்து வெட்டிய சவுக்கு. மகள் கவியாவின் கல்யாணத்தை அறுவடையை நம்பித்தான் நிச்சயம் செய்திருந்தார். மனுஷன் லாரியோடு லாரியாக வந்து, மேடைக்குப் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பதினோரு மணிக்குள் சாலை வரைக்கும் காலி லாரிகள். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. வாசுதேவன் பைக்கில் ஓடிவந்து, வெற்றுச் சீட்டுப் புத்தகத்தையும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து மேசை மேல் வைத்தார்.

"நீயே எழுதிக் குடுத்துடு. உனுக்குத் தெரியாத எடையா?"

டிரைவர்கள் சரி என்றார்கள். மண்டிக்காரரின் ஆளும், அக்கா சொன்னால் எங்களுக்குச் சரிதான் என்று சொல்லிவிட்டான். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே வாயால் சம்மதிப்பது அந்த மேடையில் அபூர்வம். வேண்டாவுக்கு உச்சி குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தாளில் ஏழு நம்பரையும் எழுதி, நேராக ஏழு எடையையும் எழுதினாள். ஒரு இடத்திலும் பேனா நிற்கவில்லை. எழுதியதை உரக்கப் படித்தாள். கோதண்டராமனுடையது பதினாலாயிரத்து அறுநூற்று இருபது. அவர் தலையாட்டினார்.

ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றினாள். அதில் "எடைமேடையில் கண்ட எடை" என்று இருந்தது. எட்டு வருஷமாகத் தட்டித் தட்டித் தேய்ந்த எழுத்து. அன்றைக்குத்தான் அதைப் படித்தாள் போல. மேடையில் கண்டதா, மண்டையில் கண்டதா? ஸ்டாம்பை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். வாசுதேவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜெரோம் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். அவன் அன்றைக்கு ஊரப்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டில் வேலையாக இருந்தான்.

"அக்கா, சாயங்காலத்துக்கு முன்னாடி என்னால வர முடியாது. நான் சொல்றத நீயே செய்யி. பதறாத, உள்ள கீறது உள்ளதான் கீது."

அவன் விளக்கியது இதுதான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கப் படிக்க வேண்டிய பாடம் கெட்டுப்போயிருக்கிறது. வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒரு பென் டிரைவில் மீட்பு சிஸ்டம் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்து செருகினால், இது அதிலிருந்து எழுந்துகொள்ளும். அப்புறம் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல கம்ப்யூட்டர் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பஜாரில் ரேணுகாவின் ஜெராக்ஸ் கடையில் இருந்தது. பென் டிரைவ்? வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் கேட்டதில் பிரபாவிடம் மட்டும் ஒன்று இருந்தது. அவன் லாரியின் பாட்டுப்பெட்டியில் எப்போதும் செருகியிருப்பது. அது அழிக்கப்படும் என்று தெரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு, பாதி அவன் கல்யாணத்துக்கு முன்னால் சேர்த்தது என்றான். பாட்டையெல்லாம் முதலில் ரேணுகாவின் கம்ப்யூட்டரில் இறக்கிவைத்து, வேலை முடிந்ததும் திருப்பி ஏற்றித் தருவதாக வேண்டா வாக்குக் கொடுத்தாள். அப்படியும் நம்பாமல் அவள் ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

ரேணுகாவின் கடையில் ஜாதிச் சான்றிதழுக்குக் காத்திருந்த கூட்டத்துக்கு நடுவில், ஜெரோம் அனுப்பிய முகவரியிலிருந்து ஃபைல் இறங்கியது. இறங்கியது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. இறங்கி முடிந்ததும் வேண்டா அதைப் பிடித்து இழுத்துப் பென் டிரைவில் போட்டாள், பாட்டைப் போடுவது போலவே. ஸ்கூட்டியில் பறந்து வந்து செருகினாள். நீலத்திரை அசையவில்லை.

ஜெரோம் போனில் சிரித்தான். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்வார்களாம். காப்பி போட்டால் அது பென் டிரைவுக்குள் ஒரு மூட்டையாகக் கிடக்கும். மூட்டையைப் பிரித்து, எழுந்திருக்கத் தோதாக எழுதுவதற்கென்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் தனியாக இருக்கிறது. அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வேண்டா கேட்ட கேள்வியில் சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. மறுபடி பஜார். ரேணுகா டீ வாங்கிக் கொடுத்தாள். பென் டிரைவில் உள்ளது எல்லாம் அழியும், சம்மதமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, பிரபாவைக் கேட்காமலே வேண்டா சம்மதம் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. இப்போது கம்ப்யூட்டரைப் போட்டதும் எஃப்-பன்னிரண்டு பட்டனை விடாமல் தட்ட வேண்டும். அப்போதுதான் எதிலிருந்து எழுந்திருக்க என்று அது கேட்கும். தட்டினாள். கேட்கவில்லை. அந்தக் கீபோர்டில் எழுத்துகளும் எண்களும் எண்டரும் தவிர மற்றதை எட்டு வருஷத்தில் யாரும் தொட்டதில்லை. தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்துப் பட்டனை நெம்பிப் பார்த்தால் அடியில் வேர்க்கடலைத் தோல். யார் தின்ற கடலை என்று வாசுதேவன் கேட்டார். அந்த அறையில் உட்காருவது ஒரே ஒருத்திதான்.

ஊதித் துடைத்துத் தட்டியதும் பட்டியல் வந்தது. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். திரை கறுத்தது, எழுத்துகள் கடகடவென்று ஓடின, அப்புறம் முன்பின் பார்த்திராத ஒரு பச்சைத் திரை வந்து நின்றது. வேண்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் இன்னா என்று போனில் கேட்டாள்.

ஜெரோம் இப்போது விளையாட்டை விட்டுவிட்டான். முதலில் எதையும் ரிப்பேர் செய்யக் கூடாது, முதலில் வெளியே எடு என்றான். ரிப்பேரில் இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வாய்? அவள் கேபிள் போட்டுத் தன் போனை இணைத்து, எடைமேடையின் ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, முழுசாகப் போனுக்குள் காப்பி எடுத்தாள். அதற்குப் பிறகுதான் டிஸ்கைச் சரிபார்க்கும் வேலையை ஓடவிட்டார்கள். நாற்பது நிமிஷம். ஹாரன் அடித்து அடித்து அலுத்துப்போன டிரைவர்கள் லாரி நிழலில் படுத்துவிட்டார்கள். கோதண்டராமன் மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே இருந்தார். அவரை உட்காரச் சொல்லி வேண்டா நாற்காலியை நீட்டியபோதும் வேண்டாம் என்றுவிட்டார்.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள். நீலத்திரை வரவில்லை. பழைய படம், பழைய ஐகான்கள். எடை சாஃப்ட்வேரைத் திறந்தால், இரண்டாம் எடைக்குக் காத்திருப்பவை ஏழு என்று அதுபாட்டுக்குச் சொன்னது, ஒன்றுமே நடக்காதது போல.

காலையில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டாள். முதல் லாரி, ஒரு கிலோகூடப் பிசகவில்லை. இரண்டாவதும் அப்படியே. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிரபா ஒவ்வொன்றுக்கும் விசிலடித்தான். ஆறு சரி. ஏழாவது கோதண்டராமனுடையது. திரையில் பதினாலாயிரத்து இருநூற்று அறுபது. தாளில் பதினாலாயிரத்து அறுநூற்று இருபது.

வேண்டா பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்த்தாள். அதே லாரி, போன வாரம் வேறொருவர் சரக்கோடு வந்தபோது பதினாலாயிரத்து அறுநூற்று இருபது. அவள் நினைவில் இருந்தது நிஜமான எடைதான், நாள்தான் வேறு. சரியாக இருந்த ஆறையும் தவறாக இருந்த ஒன்றையும் ஒரே உறுதியோடு எழுதியிருந்தாள். உள்ளுக்குள் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பகீரென்றது. ஸ்டாம்பை ஓங்கிய கையை நினைத்துப் பார்த்தாள்.

முந்நூற்று அறுபது கிலோ. கூட்டிச் சொன்னது அவள். குறைத்துச் சொல்ல வேண்டியதும் அவள்தான். கோதண்டராமனை உள்ளே கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள். தப்பு என்னுடையது, உங்களுக்கு வீணாக ஆசை காட்டிவிட்டேன் என்றாள். அவர் கோபப்படுவார், கெஞ்சுவார், என்னென்னவோ எதிர்பார்த்தாள். அவர் திரையைக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிய செவப்பு நெம்பரு ஓடுதே, அதுல காலைலயே நானும் பாத்தேம்மா. எரநூத்தி அறுவதுதான். நீ கூடப் படிச்சப்போ கம்முனு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுலேர்ந்து உக்கார முடியல" என்றார்.

வேண்டாவுக்கு அவர் மேல் கோபம் வர வேண்டும், வரவில்லை. நாலு வருஷம் காத்திருந்த மனுஷன் கையில் இல்லாத எடையைத் திணித்தது யார்? அவள் மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்க பாத்தது சரி நைனா. நான்தான் தப்பா பாத்தேன்," என்றாள். அப்புறம் வாசுதேவன் பக்கம் திரும்பினாள். "மொத எடைக்கும் இனிமே சீட்டு குடுக்கணும் அண்ணாத்த. என் ஞாபகத்த நம்பி யார் சரக்கையும் எறக்காதீங்க."

வாசுதேவன் பேப்பர் என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, புது யூபிஎஸ் வாங்க வேண்டும் என்று அதை மாற்றி முடித்தார்.

மறுநாள் காலையில் கோதண்டராமனின் மீதிச் சரக்கு வந்தது. லாரி மேடையில் நின்று எண்கள் ஓடி ஓய்ந்ததும், அவர் வெளியே நின்றபடியே எடையை உரக்கப் படித்தார். தெருவுக்கே கேட்டிருக்கும். வேண்டா உள்ளேயிருந்து தன் திரையைப் பார்த்து அதைத் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எண்டரைத் தட்டினாள்.