கிழமை தெரியாத நாக்கு

"உப்புப் பாக்கன்" என்றபடி ஸுஹைறா மூன்றாவது இறைச்சி றோல்ஸை நடுவால் பிய்த்தார். முதலாவது கொதிக்கக் கொதிக்க இருந்ததால் ருசி பிடிபடவில்லையாம். இரண்டாவதில் மிளகு மட்டும்தான் தெரிந்ததாம். தினமும் விடியப்புறம் இருநூறு றோல்ஸ் பொரித்து, ஏழு மணிக்குள் கல்முனைத் தேத்தண்ணிக் கடைகளுக்கு அனுப்புகிறவர் அவர். இருபது வருடக் கை. உப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆனாலும் பார்ப்பார்.

முழங்கால் வீங்கி டொக்டரிடம் போனபோது நிறை தொண்ணூற்று நான்கு கிலோ. எண்பத்தைந்துக்கு இறக்கினால் உம்றாவுக்கு மக்கா போய் நடக்கலாம், இல்லாவிட்டால் சக்கரக் கதிரைதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பயணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. கஃபாவைத் தன் காலால் ஏழு தரம் சுற்ற வேண்டும் என்பதற்காகவே வருடக்கணக்காக றோல்ஸ் சுருட்டியவர் ஸுஹைறா.

"நான் தள்ளிக்கொண்டு போவன் புள்ள" என்றார் கணவர் றவூப். மீன் வியாபாரி. "பெட்டி பெட்டியா சூரை தள்ளின கை இது."

அன்று றவூபுக்கு ஒரு றோல்ஸும் கிடைக்கவில்லை.

குரக்கன் ரொட்டி சாப்பிட்டார். வெந்தயத் தண்ணீர் குடித்தார். ஆசை வரும்போது பல் விளக்கினால் ஆசை போய்விடும் என்று மகள் ஸப்னா போனில் பார்த்துச் சொன்னாள். ஒரு கிழமையில் பற்பசை முடிந்தது. "பல்லுத்தான் மெலிஞ்சிபோச்சி" என்றார். கல்யாண வீடுகளில் கருப்பட்டி இனிப்பான வட்டிலப்பத்தை மட்டும் மறுக்கவே முடியவில்லை. வீட்டுக்காரர் மனம் நோகுமாம். மனம் நோகாமல் இருக்க இரண்டு துண்டு வேண்டியிருந்தது.

கடைசியில், திங்களும் வியாழனும், கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கத் தொடங்கினார். அந்த நாட்களில் உப்புப் பார்ப்பதென்றால், றோல்ஸுக்குள் வைக்கும் இறைச்சிக் கறியில் ஒரு துளியை நாக்கு நுனியில் தொடுவார். உடனே குழாயடிக்குப் போய்த் துப்பி, வாய் கொப்பளிப்பார். தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது.

"நோன்பெண்டா இந்த நாக்கு சொல்லுக் கேக்குது. டயட்டெண்டா, நீ ஆரு எண்டு கேக்குது."

"மெலியிறதுக்கு நோன்பு புடிச்சா நன்மை கிடைக்குமா உம்மா?" என்று ஸப்னா ஒரு கேள்வியைப் போட்டாள். ஸுஹைறா ஒரு பகல் முழுக்க யோசித்தார். அதற்குப் பிறகு நோன்பு நாளில் நிறை பார்ப்பதை நிறுத்திவிட்டார். "அது அல்லாஹ்ட நாள். மத்த அஞ்சும் என்ட நாள்."

அந்த ஐந்து நாட்களில்தான் மூன்று மூன்று றோல்ஸாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பழக்கதோஷத்தில் துளியைத் தொட்டார். துப்பினார். கொப்பளித்தார்.

"இப்பதானே தேத்தண்ணி குடிச்சீங்க. இண்டைக்கு என்ன நோன்பு?" என்று ஸப்னா சிரித்தாள்.

ஸுஹைறா குழாயடியிலேயே நின்றுவிட்டார். நோன்பென்று நம்பி நாக்கு ஏமாந்துபோயிருந்தது. அது இன்னொரு வாய் கேட்கவில்லை. உள்ளே வந்து சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: றோல்ஸ் பொரித்து முடியும்வரை என்ன கிழமை என்று யாரும் வாய் திறக்கக் கூடாது.

றவூப் சும்மா இருப்பாரா? பொரிசட்டிப் பக்கம் மெல்ல வந்து, "புதன், புதன்" என்று காதுக்குள் ஓதுவார்.

"மெதுவாக் கதைங்க, நாக்குக்குக் கேக்கப்போகுது."

பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது இருவரும் பாமசிக்கு நிறை பார்க்கப் போனார்கள். ஸுஹைறா செருப்பைக் கழற்றினார். காப்பைக் கழற்றினார். மூக்குக்கண்ணாடியையும் கழற்றி றவூபின் சட்டைப் பைக்குள் போட்டார்.

"கண்ணாடியெல்லாம் நிறை நிக்காது ராத்தா" என்றாள் பாமசியில் நின்ற பிள்ளை.

"நிண்டா நீயா மகள் பொறுப்பு?"

மெசினில் ஏறினார். கண்ணாடி இல்லாததால் எண் தெரியவில்லை. றவூப் குனிந்து பார்த்தார்.

"எண்பத்தி ஏழு. இன்னும் ரெண்டு" என்றார். இறங்குவதற்குப் பிடித்துக்கொள்ளட்டும் என்று கையை நீட்டினார்.

இவ்வளவு நேரமும் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்த கனத்த கைப்பையைக் கழற்றி அந்தக் கையில் மாட்டிவிட்டு, ஸுஹைறா ஒவ்வொரு காலாக வைத்துத் தானே இறங்கினார்.